பேர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து வருவது யார்?

அத்தியாயம் 14

மாசி பிறந்து எட்டு நாள் ஆகிவிட்டது. வழக்கமாக இந்நேரத்துக்கு நாமக்கல்லில் வீட்டுக்கு வீடு ஃபேன் சுற்றத் தொடங்கியிருக்கும். இந்த வருஷம் கடலில் ஏதோ தாழ்வுநிலை என்று டிவியில் சொன்னாலும் சொன்னார்கள், மூன்று நாளாக வெயில் முகத்தையே காணோம். கொல்லிமலைப் பக்கமிருந்து ஈரக்காற்று வேறு. கொடியில் போட்ட துணி காயவில்லை. முத்தாயம்மாளுக்கு முழங்கால் வலி. கல்யாண மாப்பிள்ளை குமரகுருவோ, சனிக்கிழமை எட்டு மணியாகியும் போர்வைக்குள்ளேயே இருந்தான்.

"இன்னும் பதினாறு நாள்ல கல்யாணம். இவன் தூங்கற தூக்கத்தப் பாரு சாமி! தாலி கட்டறன்னிக்காச்சும் எந்திரிப்பானா?" என்றாள் முத்தாயம்மாள், அடுப்படியிலிருந்து.

"எழுப்பிக்கலாங்கம்மா. மேடைக்கு முன்னால வெந்நீர் ஊத்தி எழுப்பிக்கலாம்," என்றாள் வித்யா. அம்மா சிரித்தாள். வித்யா இந்த வீட்டில் வாய்விட்டுப் பேசியே பல நாளாயிற்று.

போன வாரம் சேலம் செவ்வாய்ப்பேட்டை ஜவுளிக்கடையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து, கடைப்பையனின் பொறுமையைச் சோதித்து, அரக்கு நிறப் பட்டு ஒன்றை எடுத்தாளே, அதே வித்யாதான். புதிதாகப் படிக்க உட்காருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கும் காளியண்ணனுக்கு வித்யா மூத்த மகள், குமரகுரு இளையவன். அவளைச் சேலம் அஸ்தம்பட்டியில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் ஈஸ்வருக்குக் கொடுத்தார்கள். ஏழாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. உடம்பு தேறட்டும் என்று அம்மா வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள்.

"ஒரு மாசத்துல வந்து கூட்டிட்டுப் போறேன்," என்று சொல்லிவிட்டுப் போனான் ஈஸ்வர். பதினொரு மாதமாகிறது.

சண்டை ஒன்றும் இல்லை. முதலில் தினமும் போன் வந்தது. அப்புறம் வாரத்துக்கு ஒன்று. அப்புறம் அதுவும் நின்றுபோனது. புருஷன் வந்து அழைக்காமல் பெண் தானாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது என்பது முத்தாயம்மாளின் கட்சி. நாமாகப் போய் வரச் சொல்வது கௌரவக் குறைச்சல் என்பது காளியண்ணன் கட்சி. பெரியவர்கள் இப்படி ரோஷத்தோடு உட்கார்ந்துகொண்டால், நடுவில் இருக்கிறவள் என்ன ஆவாள்? எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது, அவர்களுக்கு இல்லை.

தம்பி கல்யாணம் என்ற பேச்சு வந்த பிறகுதான் அவள் முகத்தில் கொஞ்சம் களை வந்தது. காரணம் இணைச்சீர்.

கொங்குக் கல்யாணத்தில் இணைச்சீர் இல்லாமல் மாப்பிள்ளை மணவறைக்குப் போக மாட்டான். அவனுடைய அக்காளோ தங்கையோ புதுப்பட்டு உடுத்தி, மூங்கில் பேழையைத் தலையில் தாங்கி வந்து அவனோடு உட்கார வேண்டும். கூறைச்சேலையின் ஒரு முனை அவனிடம் இருக்கும், மறுமுனை அவள் கையில் இருக்கும். நீ வேறு குடும்பத்துக்குப் போய்விட்டாலும் என்னோடு பிறந்தவள்தான் என்று ஊரறியச் சொல்கிற சீர் அது. பதினொரு மாதமாக எந்த வீட்டுக்காரி என்று தெரியாமல் இருப்பவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்லியா தெரிய வேண்டும்?

அன்று பத்து மணிக்கு, "டெய்லர் அக்காகிட்டப் போய் ஜாக்கெட்ட வாங்கிட்டு வந்தர்றேங்கம்மா," என்று கிளம்பினாள்.

முத்தாயம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். "நீ எதுக்கு இந்தக் குளுர்ல? நான் அப்பறமா போயி வாங்கிக்கறேன்."

"கால் வலிங்கறீங்க. ரெண்டு தெரு தாண்டி இருக்குது. போறதுக்கு என்னங்கம்மா?"

அம்மா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் செருப்பு மாட்டிவிட்டாள் மகள்.

சின்னாயி அக்கா முப்பது வருஷமாக அந்தத் தெருவில் தைக்கிறவள். தலையில் மப்ளரைக் கட்டிக்கொண்டு மிஷினில் உட்கார்ந்திருந்தாள்.

"வா அம்மிணி. உங்கூட்டு ஜாக்கெட்டு நேத்தே ரெடி. இணைச்சீர் ஜாக்கெட்டுன்னதும் மத்ததையெல்லாம் தள்ளி வெச்சுட்டுத் தெச்சேன். கையில பாரு, ஜரிகை எப்படி உக்காந்திருக்குதுன்னு!"

வித்யா ஜாக்கெட்டைப் பிரித்துப் பார்த்தாள். அரக்குப் பட்டு, பச்சைக் கரை. அழகாகத்தான் இருந்தது. ஆனால் தோளோடு வைத்துப் பார்த்தபோது இரண்டு விரல் அகலம் கூடுதலாக இருந்தது. சுடிதாருக்கு மேலேயே போட்டுப் பார்த்தாள். தொளதொளவென்று தொங்கியது.

"அக்கா, இது வேற யாருதோ. மாத்திக் குடுத்துட்டீங்க."

"மாத்தறதா? நானா?" சின்னாயிக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "இந்தா, உங்கம்மா குடுத்த அளவு ஜாக்கெட்டு. இத வெச்சுத்தான தெச்சேன். நூல் பிசகாது, நீயே வெச்சுப் பாரு."

பைக்குள்ளிருந்து அவள் எடுத்துப் போட்டது ஊதா நிற ஜாக்கெட். முதுகில் முடிச்சு வைத்தது.

வித்யாவுக்கு அந்த ஜாக்கெட்டைத் தெரியும். பெரியப்பா மகள் பிரீத்தி, இரண்டாவது குழந்தைக்குக் காது குத்தியபோது போட்டிருந்தது. முடிச்சு நன்றாயிருக்கிறது என்று வித்யாதான் அன்றைக்குச் சொன்னாள். பிரீத்தி திருச்செங்கோட்டில் புருஷன், இரண்டு பிள்ளைகள் என்று குடியிருக்கிறவள். அவள் ஜாக்கெட் தானாக பஸ் ஏறி நாமக்கல் வராது. யாரோ கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் புது ஜாக்கெட்டைக் கழற்றி மடித்து வைத்தாள்.

சின்னாயி அவள் முகத்தைப் பார்த்தாள். "உங்கம்மா அளவ மாத்திக் குடுத்துட்டாங்களாட்டமிருக்குது. உள்ள துணி விட்டுத்தான் தெச்சிருக்கறேன். பிரிச்சுப் புடிச்சுத் தரட்டுமா அம்மிணி?"

"வேண்டாங்க்கா. செரியாத்தான் இருக்குது."

"ஏங் கண்ணு, உனக்குத் தொளதொளன்னு..."

"செரியாத்தான் இருக்குதுங்க்கா," என்று சொல்லிவிட்டுப் பையை வாங்கிக்கொண்டு படி இறங்கினாள். இரண்டு தெரு நடக்க அரை மணி நேரமாயிற்று.

சாயங்காலம் காளியண்ணனும் முத்தாயம்மாளும் பத்திரிகை வைக்கப் பரமத்திப் பக்கம் போய்விட்டார்கள். வீட்டில் அக்காளும் தம்பியும் மட்டும். அவன் சோபாவில் கால் நீட்டிக்கொண்டு பொண்ணுக்கு மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தான். கோழித்தீவனக் கம்பெனியில் வேலை, கை நிறையச் சம்பளம், நல்ல பையன். நல்ல பையன்கள்தான் சமயத்தில் இப்படிக் கழுத்தறுப்பார்கள்.

வித்யா டீ கொண்டுவந்து வைத்தாள்.

"குமரா, இணைச்சீருக்கு பிரீத்தி எப்ப வர்றா?"

போனைப் பார்த்தபடியே, "மொத நாள் காலைலயே வந்தர்றேன்னாக்கா," என்றான். சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. போன் மடியில் விழுந்தது.

"அக்கா..."

"எத்தன நாளாத் தெரியும்?"

"அக்கா, அம்மாதான்..."

"எத்தன நாளாத் தெரியும்னு கேட்டேன்."

"பத்து நாளாச்சுக்கா."

பத்து நாள். அப்படியென்றால் செவ்வாய்ப்பேட்டைக்குப் பட்டெடுக்கப் போனபோதே தெரியும். கடையில் இவள் ஒவ்வொரு சேலையாகத் தோளில் போட்டு, "குமரா, எனக்கு இது நல்லாயிருக்குதாடா?" என்று கேட்டபோது, "சூப்பரா இருக்குதுக்கா," என்றானே பாவி!

"பொண்ணூட்டுல ஏதாச்சும் சொன்னாங்களா?"

"இல்லக்கா. அவங்க ஒன்னுமே கேக்கல. அம்மாதான் ஒரு நாள் உக்காந்து அழுதாங்க. பிரீத்தியச் செய்யச் சொல்லலாம்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

அவன் மடியில் கிடந்த போனைத் திருப்பி வைத்தான்.

"எங்கக்கா இருக்கறப்ப வேற ஒருத்தி எதுக்குன்னு கேட்டியா குமரா?"

"ஒன்னும் சொல்லலக்கா."

வித்யாவுக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் தேவலை. இவனுக்கு அம்மை போட்டபோது பத்து நாள் பள்ளிக்கூடம் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள். பத்தாவதில் இவன் கணக்கில் தேறமாட்டான் என்று வாத்தியார் கைவிட்டபோது, தன் காலேஜ் பரீட்சையை வைத்துக்கொண்டு இவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டுவிட்டுத் தோற்றுப்போயிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

"டீ ஆறுது பாரு, குடி," என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலெல்லாம் தூறல் ஈரம். முத்தாயம்மாள் கூடத்தில் பழைய கம்பளியை விரித்துப்போட்டு, இரவே ஊறவைத்த மொச்சையை முறத்தில் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பிதுக்கம்பருப்புக் குழம்பென்றால் காளியண்ணன் இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிடுவார். வித்யாவும் எதிரே உட்கார்ந்து பிதுக்கத் தொடங்கினாள்.

பத்து மொச்சை ஆனது. இருபது ஆனது. பீரோவுக்கு மேலே டெய்லர் கடைப் பை இருந்ததை அம்மா நேற்றே பார்த்துவிட்டாள்.

"ஜாக்கெட்டு நல்லாத் தெச்சிருக்கறாங்கம்மா. பிரீத்திக்குக் கச்சிதமா இருக்கும்," என்றாள் வித்யா.

முத்தாயம்மாளின் கை நின்றது.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்கல்ல? எனக்குன்னு சொல்லிக் கடைக்குக் கூட்டிட்டுப் போயி, எங்கையாலயே எடுக்க வெச்சு... எதுக்குங்கம்மா?"

"பிரீத்தியக் கேட்டு வெச்சாலும், உனக்குன்னு நெனச்சுத்தான் சாமி கூட்டிட்டுப் போனேன். எப்படியாச்சும் அதுக்குள்ள மாப்பள வந்துருவாருன்னு நெனச்சேன். பத்திரிகைய மொதல்ல அவருக்குத்தான் அனுப்புனோம். ஒரு போனுகூட வல்லியே."

"நான் செய்யக் கூடாதுன்னு யாருங்கம்மா சொன்னா? சீர் நடத்தற அருமைக்காரரா?"

"அவரு ஒன்னும் சொல்லல. புருசன் உசுரோட இருக்கறப்ப அந்தப் புள்ளயே செய்யலாமேன்னுதான் சொன்னாரு."

"அப்பறம் என்னங்கம்மா?"

முத்தாயம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"சீர் முடிஞ்சதும் இணைச்சீர்க்காரி புருசனுக்கு வேட்டி துண்டு குடுப்பாங்க. மைக்குல பேரச் சொல்லிக் கூப்புடுவாங்க. ஈஸ்வர் வாங்கன்னு ஒருக்காக் கூப்புடுவாங்க, ரெண்டுக்காக் கூப்புடுவாங்க. யாரு கண்ணு எந்திரிச்சு வாரது? ஆயிரம் ஒறம்பரைச் சனம் உக்காந்திருக்கும். அத்தன பேரும் திரும்பித் திரும்பிப் பாப்பாங்க. நீ பட்டு கட்டிட்டு மேடைல நிப்பே. அந்த நேரத்துல உன்ற மொகத்த நான் எப்படிப் பாப்பேன்? வாழாவெட்டின்னு ஒருத்தி வாயில வந்துட்டா நான் அங்கயே செத்துருவேன் சாமி."

இதுவரைக்கும் அம்மாமேல் எனக்குக் கோபம்தான். இதைக் கேட்ட பிறகு யாரைக் கோபித்துக்கொள்வது என்றே தெரியவில்லை. ஊரில் ஒருத்தரும் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசிவிடுவார்களோ என்று பயந்தே மகளை மேடையிலிருந்து இறக்கிவிட்டாள் பெற்றவள். இந்த மாதிரித் தப்பை நம் அம்மாக்கள்தான் செய்வார்கள். செய்துவிட்டு நம்மைவிட அதிகமாக அழுவதும் அவர்கள்தான்.

வித்யா முறத்தைத் தள்ளிவிட்டு அம்மாவின் கையைப் பிடித்தாள். மொச்சைத் தோல் ஒட்டிக்கொண்டு ஜில்லென்றிருந்தது கை.

"அவரு வந்தாச் செரிங்களா?"

"வந்தா என்ன கண்ணு சொல்லப் போறேன்? பிரீத்திக்கு வேற சேல எடுத்துக் குடுத்தர்லாம். அவ ஒன்னும் நெனைக்க மாட்டா. ஆனா அவரு எங்க வாராரு?"

மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் வித்யா துணி எடுக்கிற சாக்கில் மொட்டை மாடிக்குப் போனாள். மூன்று நாளாகியும் துணியெல்லாம் நமுத்துக் கிடந்தது. சுவரோரம் காற்றுப்படாத இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டு போனை எடுத்தாள். கேட்கக் கூடாது என்று பதினொரு மாதமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவள். தம்பி பக்கத்தில் உட்காருவதற்காக அந்த ரோஷத்தை விட்டாள்.

ஐந்தாவது மணியில் ஈஸ்வர் எடுத்தான்.

"வித்யா?"

"ஆமாங்க."

அவன் பக்கம் யாரோ டைல்ஸ் பெட்டியை இறக்கும் சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்திருக்கிறான் போல.

"பத்திரிகை வந்துச்சுங்களா?"

"வந்துச்சு. குமரனுக்குப் போன் பண்ணோணும்னு நெனச்சேன்."

"இணைச்சீர் நாந்தான் செய்யோணும். உங்களுக்கு வேட்டி குடுப்பாங்க. நீங்க ஒருக்கா வந்து நின்னீங்கன்னாப் போதும். வேற ஒன்னும் கேக்கலைங்க."

"வாரேன் வித்யா. குமரன் கல்யாணத்துக்கு வராம இருப்பனா?"

இவ்வளவு சுலபமா! இதைக் கேட்கவா இத்தனை மாதம் பயந்தோம் என்று நினைத்தாள்.

"நானும் உங்கிட்ட ஒன்னு கேக்கோணும்," என்றான் ஈஸ்வர். குரல் இறங்கியிருந்தது. "வக்கீல்கிட்டப் பேசியிருக்கறேன். ரெண்டு பேரும் சேந்து கையெழுத்துப் போட்டா வம்பு வழக்கில்லாம முடிஞ்சிருமாம். கல்யாணம் முடியட்டும். அதுக்கு அடுத்த வாரம் போட்டுக்கலாமா?"

கீழே தெருவில் காய்கறி வண்டிக்காரன் மைக்கில் கத்திக்கொண்டு போனான். அவன் தெரு தாண்டியதும் அவள் கேட்டாள்.

"வேற யாராச்சும் இருக்கறாங்களா?"

"இல்ல. சத்தியமா யாரும் இல்ல." கொஞ்சம் பொறுத்து, "உன்ன நெனச்சாலே அந்த ஆஸ்பத்திரிதான் கண்ணு முன்னால வருது வித்யா. துணியில சுத்தி எங்கையில குடுத்தாங்களே, அதுதான் வருது. என்னால முடீல. உன்மேல ஒரு தப்பும் இல்ல," என்றான்.

"எனக்குந்தாங்க வருது," என்றாள் அவள். "உங்க கையிலயாச்சும் குடுத்தாங்க. எனக்கு மொகத்தக்கூடக் காட்டல. நீங்க வந்தா எப்படி இருந்துச்சுன்னு கேக்கோணும்னு இருந்தேன்."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. அவன் அழுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. புருஷன் அழுவதைப் போனில் கேட்டுக்கொண்டு, தேற்றும் உரிமை தனக்கு இன்னும் இருக்கிறதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

"செரிங்க," என்றாள் கடைசியில்.

"எதுக்குச் செரி?"

"ரெண்டுக்குந்தான். மொத நாள் சாயங்காலமே மண்டபத்துக்கு வந்துருங்க. எங்கூட்டுல இப்பச் சொல்ல வேண்டாம்."

கீழே இறங்கி வந்தபோது கூடத்தில் மூன்று பேரும் இருந்தார்கள். காளியண்ணன் பத்திரிகைகளில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். குமரகுரு அக்காளின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவரு வர்றாருங்கம்மா," என்றாள் வித்யா. "போன் பண்ணேன். மொத நாளே வந்தர்றேன்னு சொன்னாரு."

முத்தாயம்மாள் எழுந்த வேகத்தைப் பார்த்தால் அவளுக்கு முழங்கால் வலி என்று ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். "ஏனுங்க, கேட்டீங்களா! மாப்பள வாராராமா!" என்று மகளைக் கட்டிக்கொண்டாள். "எனக்குத் தெரியும். மனசு மாறும்னு எனக்குத் தெரியும் சாமி."

காளியண்ணன் பேனாவை மூடி வைத்தார். அவர் அதிகம் பேசாத மனுஷர். "நானே ஒரு எட்டுப் போயிக் கூப்புட்டிருக்கோணும். என்ற தப்பு," என்றார். எழுந்து முகம் கழுவப் போனார்.

குமரகுரு ஓடி வந்து அக்காளின் கையைப் பிடித்துக்கொண்டான். "நெசமாவாக்கா? அப்ப நீதான் எம்பக்கத்துல உக்காருவ. என்னை மன்னிச்சிருக்கா."

"நாந்தான்டா உக்காருவேன்," என்றாள். அது ஒன்றுதான் அவள் கேட்டது. அது கிடைத்துவிட்டது.

"வேற என்ன கண்ணு சொன்னாரு?" முத்தாயம்மாள் விடவில்லை.

"சாப்ட்டியான்னு கேட்டாருங்கம்மா."

"கேக்காம இருப்பாரா! கட்டுன பாசம் எங்க போயிரும்?"

அம்மா விடுவிடுவென்று உள்ளறைக்குப் போனாள். வித்யா வந்த அன்று கட்டிலுக்கடியில் தள்ளிவிட்ட பெரிய பெட்டியை இழுத்து, தூசி தட்டி, கட்டில்மேல் வைத்துத் திறந்தாள்.

"வந்தவரு சும்மாவா போவாரு? கல்யாணம் முடிஞ்ச கையோட உன்னையும் கூட்டிட்டுத்தான் போவாரு. அன்னிக்குப் பறக்க முடியாது. இப்பவே கொஞ்சங் கொஞ்சமா எடுத்து வெச்சர்லாம். எந்தெந்தச் சேல வேணும் சொல்லு."

வித்யா போய் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து, சேலையின் மறுமுனையைப் பிடித்து மடித்துக் கொடுக்கத் தொடங்கினாள்.